தடுத்தவர் பக்கம் ஒரு தீர்ப்பு

ஸ்ரீரங்கம் தீவில் ஐஸ் ஹாக்கிக்காகச் சண்டைக்கு வரக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காவிரிப் பாலத்திலிருந்து கொள்ளிடம் பாலம் வரை தேடினாலும் இன்னொருவர் அகப்படமாட்டார். அந்த ஒருவர் என் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார் என்பது என் ஜாதக விசேஷம்.

எங்கள் அடுக்ககத்தின் இருபத்துநான்கு வீடுகளில் இருபத்திரண்டு வீட்டாருக்கு அவருடைய நிஜப்பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'பாய்லர் சார்'. துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைப் பார்த்து, எங்காவது கசிகிறதா என்று சோதித்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு காலம் வெந்த மனிதருக்குப் பனிக்கட்டி மேல் ஆசை வந்ததில் ஒரு நியாயம் இருக்கலாம்.

மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு பின்லாந்து போனார். வெளியே தலைகாட்ட முடியாத குளிர். மனைவி பத்தியச் சமையலில் இறங்க, இவர் டிவி முன்னால் இறங்கினார். மூன்று மாதம். அந்த மாதிரிப் போகிறவர்கள் சாக்லேட்டும் குழந்தையின் போட்டோவும் கொண்டுவருவார்கள். இவர் ஐஸ் ஹாக்கியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

"பேத்தி பொறந்துட்டான்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்றேங்க. 'கொஞ்சம் இரு, பெனால்ட்டி போயிட்டிருக்கு'ங்கறாரு" என்று அவர் மனைவி என் மனைவியிடம் முறையிட்டது இதுவரை ஆறு முறை.

பாய்லர் சாரின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சர்வதேச ஐஸ் ஹாக்கி வரலாற்றில் தலைசிறந்தவர் யார்? இதைக் கேட்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் லிஃப்ட். கதவு மூடாதபடி செருப்புக்காலை நடுவில் வைத்துக்கொள்வார். 'தயவுசெய்து கதவை மூடவும்' என்று லிஃப்ட் கெஞ்சும். ஒருநாள் பதினேழு முறை கெஞ்சியது. என் கையில் பால் பாக்கெட் இரண்டு. வெயிலில் பால் திரிந்துவிடுமே என்பது என் கவலை.

வீரர்களின் பெயர்கள் எங்கள் யாருடைய பல்செட்டுக்கும் ஒத்துவரவில்லை. ஆகவே கனடாக்காரர், ரஷ்யக்காரர், ஸ்வீடன்காரர், செக் நாட்டுக்காரர் என்று நாட்டை வைத்தே பேசிக்கொள்வோம். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு.

"கிளப்புக்கு ஆடுனது கணக்குல வராது சார். நாட்டுக்கு ஆடுனது மட்டும்தான்."

"அப்படின்னா கனடாக்காரர்தான். எத்தனை கோல்!"

"கோலு, கோலு! கறுப்பு ரப்பர் வில்லை சார், கட்ட வெரல் தடிமன் இருக்கும். பஸ்ஸவிட வேகமா மூஞ்சிக்கு நேரா வருது. குறுக்க ஒருத்தன் நிக்கறான். செக் நாட்டு கோல்கீப்பர். அவன் பெரியவனா, தள்ளி நின்னு அடிக்கறவன் பெரியவனா?"

"கோல்னா எண்ணலாம் சார். தடுத்ததை யார் எண்ணிக்கிட்டிருக்கா?"

"அங்க எண்றாங்க சார். இங்கதான் ஆளில்ல." செருப்புக்காலைக் கதவிடுக்கில் இன்னும் நன்றாக ஊன்றிக்கொண்டார். "ஆயிரம் ஜாயின்ட் கசியாம இருக்கும். ஒருத்தன் வாயத் தொறக்கமாட்டான். ஒண்ணு கசிஞ்சா மெமோ வரும். சாவறதுக்குள்ள ஒரு தீர்ப்பாவது தடுத்தவன் பக்கம் வாங்கிடணும் சார்."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி பட்டிமன்றம். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் பட்டிமன்றம் உண்டு. பதினோரு வருடத்தில் எட்டு முறை மாமியார் மருமகள் தலைப்பு. இந்த வருடம், 'ஐஸ் ஹாக்கியில் தலைசிறந்தவர் கோல் போட்டவரே, கோல் தடுத்தவரே' என்று எழுதி எடுத்துக்கொண்டு செயலாளர் லலிதா டீச்சரிடம் போனார்.

"யாருங்க பேசுவாங்க இதை?" என்றார் டீச்சர். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆறு பேரக் கொண்டாங்க. இல்லாட்டி மூட்டுவலி டாக்டரப் பேசக் கூப்பிட்டுடுவேன்."

ஆறு பேரை அவர் பிடித்த விதம் தனிக்கதை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழாயாவது ஒழுகும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்பானரோடு போனார். வாஷர் மாற்றினார். "காசெல்லாம் வேண்டாம், ஏழு நிமிஷம் பேசுனாப் போதும்" என்றார். இப்படி நான்கு குழாய்களுக்கு நான்கு பேச்சாளர்கள். ஐந்தாவது அவரே. என் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை. ஆனாலும் ஆறாவது ஆள் நான்தான். லிஃப்டுக்குப் பயந்து மூன்று நாள் படியில் ஏறி இறங்கினேன். முழங்கால் தாங்கவில்லை, ஒப்புக்கொண்டேன். கோல் போட்டவர் அணிக்கு என்னைத் தலைவராக்கினார்.

பிறகு பயிற்சி. மொட்டை மாடியில் சோப்புத் தண்ணீரைக் கொட்டி, கையில் துடைப்பம் கொடுத்து, ரப்பர் வாஷரை அடிக்கச் சொன்னார். எங்கள் ஆறு பேரின் வயதைக் கூட்டினால் நானூற்று ஒன்பது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்று, மொத்தம் இரண்டு முறை அடித்தேன். இரண்டையும் தடுத்துவிட்டார்.

காணும் பொங்கல் மாலை வந்தது. கூட்டம் எண்பத்துமூன்று பேர். அதில் தூங்கியவர்கள் பன்னிரண்டு. நடுவர், எங்கள் அடுக்ககத்திலேயே இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். எல்லோருக்கும் அவர் புலவர் ஐயா. வயது எழுபத்தொன்று, எடை ஐம்பதுக்குள். என் அணியில் ஒருவர் ஏழு நிமிடத்தில் ஐந்தைக் கிரிக்கெட்டுக்குக் கொடுத்தார். பாய்லர் அணியில் ஒருவர் கோல்கீப்பரைக் கோட்டை மதிலோடு ஒப்பிட்டுவிட்டு மதிலைப் பற்றியே பேசி முடித்தார். கடைசியாக எழுந்த பாய்லர் மூன்று நிமிடம்தான் பேசினார். "வலைக்குள்ள போன வில்லைய நீங்க பாத்தீங்க. போகாத வில்லைய யாரும் பாக்கல. அத அவன் பாத்தான். அவ்வளவுதாங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

புலவர் ஐயா எழுந்தார். கீழே சர்க்கரைப் பொங்கல் அண்டாவைத் திறந்துவிட்டார்கள். வாசனை மேடை வரை வந்தது. பட்டிமன்ற நடுவர்கள் வழக்கமாகச் செய்வதை அவரும் செய்தார். "போட்டவர் ஒரு கண், தடுத்தவர் மறு கண். இரண்டும் இருந்தால்தான் பார்வை. வணக்கம்" என்று மைக்கை வைத்துவிட்டுப் படியை நோக்கி நடந்தார்.

மேடையிலிருந்து இறங்க ஒரே வழி, நான்கு படி. அதன் அடியில் பாய்லர் கையில் துடைப்பத்தோடு, கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"தீர்ப்பு சொல்லிட்டு எறங்குங்க ஐயா."

"சொல்லிட்டேனேப்பா!"

"அது சமாதானம். இந்த ஆட்டத்துல டிரா கிடையாது. யாரோ ஒருத்தர்தான்."

"பொங்கல் ஆறிடும்யா, வழிவிடு!"

"விடமாட்டேங்க."

புலவர் இடப்பக்கம் பாய்ந்தார். துடைப்பம் அங்கே இருந்தது. வலப்பக்கம். அங்கேயும் இருந்தது. "அதோ டீச்சர் கூப்பிடறாங்க பாரு" என்று போக்குக் காட்டிவிட்டு மறுபடி இடம். பாய்லர் திரும்பவே இல்லை. தூங்கியவர்களில் பதினொருவர் விழித்துக்கொண்டார்கள். புலவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நாலு, அஞ்சு, ஆறு. யாராவது விழுந்து இடுப்பு எலும்பு போய்விடுமோ என்று நான் படியோரமாகப் போய் நின்றேன். ஏழு, எட்டு. ஒன்பதாவது முறை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சறுக்கி வந்தார். பாய்லர் முழங்காலிட்டு முழு உடம்பாலும் மறித்தார். புலவர் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை? எத்தனை?" என்று கூட்டம் கத்தியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் வேறு யார் எண்ணியிருப்பார்கள்? நான் எதிரணித் தலைவர். மைக்கை எடுத்தேன்.

"ஒன்பது முயற்சி. ஒன்பதும் தடுக்கப்பட்டது. கோல் ஒன்றுமில்லை."

புலவர் ஐயா உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார். "தடுத்தவரே தலைசிறந்தவர். இதுவே தீர்ப்பு. அந்தப் பொங்கலை இங்கேயே கொண்டு வாங்கப்பா."

கூட்டம் கைதட்டியது. பாய்லர் சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். முழங்காலில் சிராய்ப்பு. நெற்றியெல்லாம் வியர்வை. முப்பத்துநான்கு வருடம் கசிவு தேடிய கண் அல்லவா, அதற்கு ஒரு சந்தேகம்.

"சார், அந்தக் கடைசித் தடவ... ஐயா கட்டவெரல் தரையில பட்டுச்சோ? பட்டா அது கோலுதானே?"

பட்டது. இடதுகால் கட்டைவிரல். மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தேன்.

"படவே இல்லை சார்" என்றேன்.

"நீங்க எண்ணுனாச் சரியா இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

விவரம் தெரிந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தே தப்பாகச் சொன்ன கணக்கு அது ஒன்றுதான், திருத்துவதாக இல்லை.