துவக்குக்காரர் வந்து நிக்கினம்

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. ஆனால் தனக்குக் கொஞ்சமாவது தெரிந்த விஷயத்தில்தான் ஒருவன் பொய் சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசியில், லண்டனுக்கு வந்த இரண்டாவது வருடம், இந்தச் சின்ன விதியை மீறி நான் என்னை ஒரு வேட்டைக்காரன் என்று சொல்லிவிட்டேன். (நான் பிறவிச் சைவம். கேக்கில் முட்டை போட்டிருக்கிறார்களா என்று மணந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிற ஆள்.)

சொன்னது என் முதலாளி மிஸ்டர் கொலின்ஸிடம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சிறிய அச்சகம் இருந்தது. நான் அங்கே கடதாசிக் கட்டுகளை இறக்கி அடுக்குபவன். அவர் வருடம் தவறாமல் ஸ்கொட்லாந்துக்குப் போய் மான் சுடுகிறவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கம் திரும்பி, "உங்கள் நாட்டில் பெரிய காடுகள் இருக்கிறதாமே, நீ வேட்டைக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்டார். அதுவரை அவர் என்னிடம் கேட்டதெல்லாம் "அந்தப் பெட்டி எங்கே?" என்பது மட்டும்தான். முதன்முறையாக ஒரு மனிதர் என் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறார். இல்லை என்ற ஒரு சொல்லோடு அதை முடித்துவிட மனம் வரவில்லை.

"காட்டுப்பன்றி," என்றேன். "நிறைய."

என் வாழ்நாளில் நான் கண்ட ஒரே காட்டுப்பன்றி, எங்கள் நாட்டில் வவுனியாவுக்கு அருகே பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடியது. துவக்கைப் பொறுத்தவரை (துப்பாக்கிக்கு எங்கள் ஊர்ச் சொல் அது), அதை வைத்திருப்பவர்களைக் கண்டால் மதில் பாய்ந்து ஓடிய அனுபவம் மட்டும் தாராளமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஹரோவில் மிஸ்டர் விட்டேக்கர் என்று ஒரு கிழவர் தன்னுடைய ரைபிளை விற்கிறாராம். மலை ஏறுகிறவர்களுக்கென்று செய்த, பாரம் குறைந்த ரைபிள். "சனிக்கிழமை நீயும் வா. வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்டோருக்கு ஒரு மேற்பார்வையாளர் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அதைவிட, என் அகதி வழக்கு இன்னும் முடியாமல் கிடந்தது. முதலாளி ஒரு நற்சான்றிதழ் தந்தால் உதவும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். "சந்தோஷமாக வருகிறேன்," என்றேன்.

அன்றைக்கே நூலகத்தில் வேட்டைத் துப்பாக்கிகள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை இரவல் எடுத்தேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் அதைப் பாடமாக்கினேன். பழைய ரைபிள் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று ஓர் அதிகாரமே இருந்தது. குழாயின் உட்புறம் பளபளவென்றிருக்கிறதா, வாய் விளிம்பில் கீறல் உண்டா, திருகாணித் தலைகளை யாராவது கிண்டியிருக்கிறார்களா, மரத்தில் வெடிப்பு இருக்கிறதா. படங்களை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உதட்டை அசைத்து ஒப்புவிப்பேன். எனக்குப் பக்கத்து இருக்கை அந்தக் கிழமை முழுவதும் காலியாகவே இருந்தது. ரயிலில் கூட்டம் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி, மெட்ரோபொலிட்டன் லைன் பிடித்து ஹரோவுக்குப் போனேன்; முதலாளி எனக்கு முன்னரே வந்திருந்தார். கலியாணத்துக்குத் தைத்த கோட்டுக்கு மேலே, கடன்வாங்கிய ஓவர்கோட். மிஸ்டர் விட்டேக்கர் மெலிந்து உயர்ந்த மனிதர், பழைய பட்டாளத்துக்காரர். முழங்கால் போய்விட்டதால் இனி மலை ஏற ஏலாது என்று விற்கிறார். இரும்பு அலுமாரியைத் திறந்து ரைபிளை எடுத்து என் கையில் தந்தார்.

நான் அதை இரண்டு கையாலும் ஏந்தி மார்போடு அணைத்துக்கொண்டேன். பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் வாங்குவதுபோல என்று பிறகு முதலாளி சொன்னார். குழாயின் வாய் முதலாளியின் நாடிக்கு நேரே இருந்தது. மிஸ்டர் விட்டேக்கர் ஒரு விரலால் மெதுவாக அதை நிலத்தை நோக்கித் திருப்பிவிட்டார்.

முதலில் உள்ளே குண்டில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு போல்டை இழுக்க வேண்டும். போல்ட் என்பது ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கிற இரும்புத் தண்டு. ஒரு சாண் நீளம், பக்கத்தில் வளைந்த கைப்பிடி, அதன் நுனியில் ஒரு குமிழ். இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தேன். கிழவர் கையை நீட்டி ஒரு சின்ன விசையைத் தள்ளினார். போல்ட் வழுக்கிக்கொண்டு வந்தது.

"எங்கள் ஊரில் இது மற்றப் பக்கம் இருக்கும்," என்றேன். (எங்கள் ஊரில் எது எந்தப் பக்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?)

போல்டை முழுதாகக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிக் குழாயினூடாகப் பார்த்தேன். பக்கத்து வளவில் ஒரு பெண் உடுப்புக் காயப்போடுவது வட்டமாகத் தெரிந்தது. "அற்புதம்," என்று சொல்லிவிட்டு, எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல் ரைபிளை இறக்கினேன்.

அடுத்தது கடதாசிப் பரிசோதனை. குழாய்க்கும் அடிமரத்துக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டு தடையில்லாமல் போய்வர வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. சட்டைப்பையில் கிடந்தது என் ரயில் டிக்கெட் மட்டும்தான். செருகினேன். போனது. வரவில்லை. நகத்தால் தோண்டத் தோண்ட இன்னும் உள்ளே போனது. செவன் கிங்ஸுக்குத் திரும்பிப் போகிற என் வழி ஒரு துப்பாக்கியின் வயிற்றுக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்டர் விட்டேக்கர் திருகாணிகளைக் கழற்றி மரத்தைப் பிரித்தார். டிக்கெட் வெளியே வந்தது. கூடவே, மரம் மூடியிருந்த இடத்தில் உள்ளங்கை நீளத்துக்குச் செம்மண் நிறத் துரு. கிழவரின் முகம் சிவந்துவிட்டது. ஒருபோதும் மரத்தைக் கழற்றிப் பார்த்ததில்லையாம்; மழையில் நனைந்த நாளில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டுமாம். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் மேற்பார்வையாளர் வேலை பளிச்சென்று தெரிந்தது. "வேண்டுமென்றேதான் செருகினாயா?" என்று காதுக்குள் கேட்டார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

பிறகு தேநீர், துருவைப் பற்றிய பேச்சு, கிழவரின் வருத்தம். துருவைத் துடைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக முதலாளி சொல்ல, ரைபிள் அலுமாரிக்குள் போனது. குழாயினூடாகப் பார்க்கும்போது கழற்றிய போல்டை ஓவர்கோட் பைக்குள் போட்டிருந்தேன் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

அப்போது செவன் கிங்ஸில் ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தோம். ஒரு குளியலறை. போன் கிடையாது. நானும் மனைவி வசந்தியும் முன்னறையில். மேலே நடராசா அண்ணை; எங்கள் எல்லோரிலும் மூத்தவர், பெற்றோல் ஷெட்டில் வேலை, வீட்டில் எது உடைந்தாலும் திருத்துகிறவர். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து மூன்று கிழமை. உள்ளே போகிறவர்கள் தொடர்ந்து இருமிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். "ஒரு போல்ட் வாங்கி வாங்கோ" என்று வசந்தி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

களைப்பில் நான் வந்ததும் படுத்துவிட்டேன். காலையில் எழும்பிக் குளியலறைக்குப் போனால் கதவில் புதுத் தாழ்ப்பாள். இரண்டு வளையம் அடித்து, அவற்றினூடாக ஒரு கனமான இரும்புத் தண்டு. தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய், கைப்பிடியை மடக்கியதும் 'டக்' என்று நின்றது. இரண்டு மூன்று தரம் பூட்டித் திறந்து பார்த்தேன். "அண்ணை, அருமையான வேலை," என்று மாடிப்படியில் வைத்துப் பாராட்டவும் செய்தேன். முதல்நாள் அதே இரும்பை ஒரு மணித்தியாலம் பரிசோதித்த நிபுணன் நான்தான்.

பத்து மணிக்கு வாசலில் மணி அடித்தது. திறந்தால் முதலாளி. பின்னால் மிஸ்டர் விட்டேக்கர். இருவர் முகத்திலும் இரத்தமில்லை.

"போல்ட் எங்கே?" என்றார் முதலாளி. அனுமதிப்பத்திரம் இல்லாத ஆள் அதை வைத்திருப்பதே குற்றமாம். கிடைக்காவிட்டால் கிழவர் உடனே பொலிஸுக்கு அறிவிக்க வேண்டுமாம்.

ஓவர்கோட் பையைத் துழாவினேன். ஒன்றுமில்லை. வக்கீலின் முகமும் குடிவரவு அதிகாரியின் முகமும் மாறி மாறி வந்தன. வசந்தியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேர், இதுக்குள்ள கிடந்த இரும்பு எங்க?"

"பாத்ரூமுக்கு நீங்கள் வாங்கி வந்த போல்ட்டோ? அண்ணையிட்டைக் குடுத்தன், அவர் பூட்டிட்டார்."

"அது துவக்கின்ர போல்ட்டடி!"

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நடராசா அண்ணை உள்ளே தேவாரம் பாடிக் குளித்துக்கொண்டிருந்தார். அவள் கதவில் படபடவென்று தட்டினாள். பதற்றத்தில் வந்த வசனத்தை அப்படியே சொன்னாள்:

"அண்ணை, கெதியா வெளியில வாங்கோ! துவக்குக்காரர் வந்து நிக்கினம்!"

தேவாரம் பாதியில் நின்றது. தண்ணீர் நின்றது. ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

பின்வளவுக்கு ஓடினோம். குசினிக் கூரையின் சரிவில், இடுப்பில் ஒரு துவாயோடு, தலை நிறையச் சவர்க்கார நுரையோடு, தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் நடராசா அண்ணை. நவம்பர் மாதம்.

"ஆரடா வந்தது?" என்று அடித்தொண்டையில் கேட்டார். "ஆமியோ, இயக்கப் பெடியளோ?"

"என்ர முதலாளி, அண்ணை!"

"உன்ர முதலாளியோ? அவனுக்கு என்ர பேரை ஆர் குடுத்தது?"

இன்றைக்கு இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அந்த நிமிடத்தில் வீட்டுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னறையில் இருந்த இரண்டு பேர் ஏற்கனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நானே, விஷயம் முழுதாகத் தெரிந்தும், பின் மதிலின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டேன்.

மிஸ்டர் விட்டேக்கர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ புரிந்தவர்போல இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "அவரிடம் சொல், நான் வெறுங்கையோடுதான் வந்திருக்கிறேன். என் துப்பாக்கியில் பாதி அவருடைய குளியலறையில் இருக்கிறது."

அண்ணை சிரிக்கத் தொடங்கியதும் துவாய் அவிழத் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஆங்கிலக் கிழவி தன் திரையை இழுத்து மூடினாள். (பிறகு கொஞ்சம் விலக்கினாள்.) கதவு உள்ளே பூட்டியிருந்தபடியால் அண்ணையே மறுபடி ஜன்னலினூடாக ஏறிப் போய்த் திறக்க வேண்டியிருந்தது. கிழவர் முழங்கால் வலியையும் மறந்து, கீழே ஒரு வாளியைக் கவிழ்த்து, அதில் ஏறி நின்று அவருடைய பாதத்தைத் தாங்கினார்.

கதவைத் திறந்ததும் மிஸ்டர் விட்டேக்கர் போல்டை இரண்டு தரம் தள்ளி இழுத்துப் பார்த்தார். "என்னிடம் இருந்த காலத்தில் இது ஒருநாளும் இவ்வளவு இலகுவாக ஓடவில்லை. என்ன எண்ணெய் போட்டீர்கள்?"

"நல்லெண்ணெய்," என்றார் அண்ணை, உடம்பு நடுங்க.

தேநீர் குடிக்கும்போது முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பன்றி, புத்தகம், டிக்கெட், எல்லாவற்றையும். அவர் வசந்தியின் வடையைக் கடித்தபடி யோசித்தார். "அப்படியென்றால் அந்தத் துரு?"

"அது அங்கே இருக்குமென்று எனக்குத் தெரியாது, சேர்."

ரைபிளை அவர் வாங்கினார். எனக்குக் கடிதமும் எழுதித் தந்தார்; நேர்மையானவன் என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்து, கடின உழைப்பாளி என்று எழுதியிருந்தார். மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. திங்கட்கிழமை என் மேசையில் ஒரு கடதாசிப் பையில் கதவுத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது.

நடராசா அண்ணைக்கு இப்போது டூட்டிங்கில் சொந்தமாகப் பலசரக்குக் கடை. எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளோ சாமத்தியவீடோ எது நடந்தாலும், சாப்பாட்டுக்குப் பிறகு அவரைச் சுற்றி எல்லோரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர் கதையைத் தொடங்குவார். ஆங்கிலக் கிழவர், போல்ட், நல்லெண்ணெய், எல்லாம் சரியாக வரும். கூரையில் துவாயோடு நிற்பது மட்டும் நான். கீழே நின்று காலைத் தாங்குவது அண்ணை.

போன மாதமும் அப்படித்தான் சொன்னார். நான் எழும்பி, "பொய்! கூரையில நிண்டது அவர்!" என்று கத்தினேன். என் மகள் பாவமாக என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்பா, விடுங்கோ. பெரியப்பா ஏன் பொய் சொல்லப் போறார்?"