மூன்று மாடிக்காக ஒரு மலை

வேங்கிக்கால்,
சனிக்கிழமை.

சிரஞ்சீவி சக்கரபாணிக்கு உன் அக்காள் வீட்டுக்காரர் பரசுராமன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமில்லை. ஆறு பேருக்குப் பன்னிரண்டு கால். அதில் ஒன்பது வலிக்கிறது. போனில் திட்டினால் நடுவில் புகுந்து பேசி என் கோபத்தைக் கலைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று நீ அனுப்பிய குரல் பதிவை உன் அக்காள் சோறு வடித்துக்கொண்டே போட்டாள். "மாமா, முட்டியில லேசா ஒரு பிடிப்பு. நான் கீழ நின்னு வீடியோ எடுத்துக்கறேன், நீங்கல்லாம் ஏறிடுங்க" என்கிறாய். ஏம்பா, மலையேற்றம் யார் யோசனை? என் சிநேகிதர் வேடியப்பனின் பேத்தி வேதா போகிற பயிற்சி மையம் மூன்றாவது மாடியில் இருக்கிறது, கால் ஊன்ற முடியாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், ஒரு லிஃப்ட் இருந்தால் தேவலை என்று நான் பேச்சுவாக்கில் சொன்னேன். நீதான் சென்னையில் உன் கம்பெனியில் போய், குடும்பமும் நண்பர்களுமாக ஏழு பேர் பர்வதமலை உச்சிக்கு ஏறுகிறோம், ஏறினால் லிஃப்ட் போட்டுத் தாருங்கள் என்று எழுதி வாங்கினாய். ஏழில் ஒருவர் குறைந்தாலும் லிஃப்ட் கிடையாது என்பதும் நீ ஒப்புக்கொண்டு வந்த நிபந்தனைதான். முப்பத்துநான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். வகுப்பு முழுவதையும் பரீட்சைக்குக் கிளப்பிவிட்டு, தான் மட்டும் லீவு லெட்டர் நீட்டிய மானிட்டரைப் பார்த்ததே இல்லை.

பத்து கிலோமீட்டர் நடந்து பழகச் சொன்னாய். இந்த ஊர்க்காரனை நட என்றால் எங்கே நடப்பான்? நாலு ஞாயிற்றுக்கிழமை கிரிவலம் போனோம். பதினாலு கிலோமீட்டர், எல்லாம் தார் ரோடு. குளத்தைச் சுற்றி நடந்து நீச்சல் கற்றுக்கொள்வது மாதிரி. மாப்பிள்ளை அருண்பிரசாத் மலையேறவென்றே ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். சாமி சுற்றுகிற பாதையில் செருப்புக் காலா என்று உன் அக்காள் ஒரு பார்வை பார்த்தாள். ஷூ அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டு அண்ணாமலையைச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டு ராஜேந்திரன் லிங்கத்துக்கு ஒரு கும்பிடு, கும்பிடுக்கு ஒரு மிளகாய் பஜ்ஜி. எட்டு லிங்கம். நாலே வாரத்தில் ரெண்டு கிலோ ஜாஸ்தி. வேடியப்பன் மட்டும் ஒன்றும் பேசுவதில்லை. ரிட்டையர் ஆன கண்டக்டர் இல்லையா, எல்லோரும் வந்தாச்சா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் வருகிறார்.

சரி, மேட்டில் ஏறிப் பழகுவோம் என்று எதிரே நிற்கிற நம் மலையையே காட்டினேன். "சாமி மேலயே கால வைக்கச் சொல்றீங்களா? வயசுதான் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்கிறாள் உன் அக்காள். அருண்பிரசாத் அதோடு விடவில்லை. "மாமா, நம்ம ஊர்க்காரங்களுக்கு மலைன்னா வலது கைப்பக்கம் இருக்கறது. நேர் எதிர்ல வந்து நின்னா என்ன பண்றதுன்னு தெரியாது" என்றார். அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கவிநிலா கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். சிரித்தே கால் சுளுக்கிக்கொண்டவள் இந்த ஜில்லாவிலேயே என் பெண் ஒருத்திதான்.

நீ அனுப்பின பனியன் இருக்கே, ஏழும் ஒரே அளவு. எனக்கு அது அங்கி, ராஜேந்திரனுக்குத் தலைகாணி உறை. முதுகுல 'சிகரம் நமதே'னு போட்டிருக்கு. இதுவரைக்கும் நாங்க பாத்தது அடிவாரம்தான். அறுபத்தெட்டு வயசுல நான் பர்வதமலை செங்குத்துப் பாறையில கம்பியப் புடிச்சுத் தொங்கணும், தலைவர் கீழ நின்னு வீடியோ எடுப்பாரா? போதும்ப்பா. நானும் வரல, உன் அக்காளும் வரல. இன்னிக்கு சாயந்திரமே மையத்துக்குப் போய், மலையேற்றம் இல்லைனு நேர்லயே சொல்லிடப் போறேன். இதுதான் முடிவு.

சரோஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. அண்ணாமலையார் உனக்கு முதலில் நல்ல புத்தியையும் பிறகு நல்ல முட்டியையும் அருள்வாராக.

இப்படிக்கு,
கோபம் தணியாத
பரசுராமன்.

பி.கு.: மையத்துக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். வேடியப்பனும் கூட வந்தார். வேதாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் ஏறினார். ஏழு வயசுப் பிள்ளை, இரண்டு காலிலும் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் காலிப்பர். நான் கையை வீசிக்கொண்டு பின்னால். முதல் மாடியில் உட்கார்ந்தேன். இரண்டாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் ஒண்ணுதான் வாத்யாரே, மெதுவா வாங்க" என்று மேலிருந்து குரல் வருகிறது. தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை லீவுங்க. அதான் உங்களோட நடக்க வர்றேன்" என்றார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச மூச்சில்லை. பொறுப்பாளர் எழிலரசி தண்ணீர் கொடுத்து, என்ன விஷயம் என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா. ஏழு பேரும் வர்றோம்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

ஆகையால் மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படித்துக்கொள். திங்கட்கிழமை முதல் பயிற்சி அந்தப் படிக்கட்டில்தான். ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நீ வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிடு, சனிக்கிழமை உன் முறை. உனக்கென்று ஒரு பையனைச் சொல்லி வைத்திருக்கிறேன். முட்டி வலித்தால் அவனிடமே சொல்லிக்கொள்.