செவ்வாய் தெரியாத வீடு

மாப்பிள்ளை வீட்டார் ஹந்தானை ஏற்றத்துக்கு வந்துவிட்டார்கள் என்று தரகர் போன் செய்தபோது, சந்திரகுமார் செவ்வாய்க் கிரகத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

கிரகம் முன் ஹோல் சுவரில் இருந்தது. மகள் சிந்துஜா தெல்தோட்டைப் பக்கம் விஞ்ஞான டீச்சர். 'நமக்குப் பக்கத்தில் உயிர் முதலில் எங்கே கிடைக்கும்?' என்று கேட்டு, வகுப்புப் பிள்ளைகளோடு கலர் சோக்கால் வரைந்த பெரிய படம் அது. வியாழன், சனி, அவற்றின் நிலவுகள், நடுவில் தக்காளி மாதிரிச் செவ்வாய்.

"படம்தானேங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி பாலம்மா.

"உனக்கென்ன தெரியும்? அதைப் பார்த்தா தோசம் ஞாபகம் வரும். வந்தா கேப்பாங்க. கேட்டா முடிஞ்சுது கதை."

சிந்துஜாவின் ஜாதகத்தில் செவ்வாய் தோசம். அது தெரிந்ததும் வந்த வரன்கள் எல்லாம் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் மனிதருக்குத் தாங்காது. அதனால்தான் இந்த முறை தரகரிடம், "சுத்த ஜாதகம்" என்று கூசாமல் அடித்துவிட்டிருந்தார். ஜாதகம் அப்புறம் பார்க்கலாம், முதலில் பிள்ளையைப் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சொன்னது வசதியாய்ப் போயிற்று.

கடைசியில் கடைக் காலண்டரைக் கொண்டுவந்து செவ்வாயின் மேல் மாட்டினார்.

மாப்பிள்ளை சுரேஸ் பௌதிகவியல் விரிவுரையாளர். அம்மாவோடு உள்ளே வந்தவன், கதிரையில் உட்காரும் முன்பே படத்தைப் பார்த்துவிட்டான்.

"இதுல ஒரு கிரகம் குறையுதே அங்கிள்?"

"இடம் பத்தலைங்க தம்பி."

"முக்கியமானதையே விட்டுட்டீங்களே. கிட்டத்துல உயிர் கிடைச்சா அது செவ்வாய்லதான் கிடைக்கும்னு நான் நினைக்கிறேன். நிலத்துக்கு அடியில தண்ணி இருக்கலாம்."

அவன் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "செவ்வாய் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

ஆழம் பார்க்கிறார்கள் என்று சந்திரகுமாருக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்டி டவுனில் புடவைக்கடை சேல்ஸ்மேன். ஒரு புடவை ஒத்துவராவிட்டால் மறு பேச்சில்லாமல் அடுத்ததை விரிக்கிற கை.

"செவ்வாய்ல என்னங்க இருக்கு, வெறும் மண்ணு. வியாழனோட நிலவைப் பாருங்க. ஐஸுக்குக் கீழ கடலே இருக்காம். குளிர்ச்சியான இடம், குடும்பத்துக்கு ஏத்தது."

அந்த அம்மாவின் முகம் வாடியது. சந்திரகுமார் அடுத்ததை விரித்தார்.

"அது புடிக்கலையா, சனியைப் பாருங்க. அங்க ஒரு நிலவுல தண்ணி பீச்சி அடிக்குதாம். தண்ணி வெட்டே கிடையாது."

"சனி இருக்கட்டும். செவ்வாயைச் சொல்லுங்க."

பிடித்த பிடியை விடமாட்டார் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சிந்துஜா தேத்தண்ணீரோடு வந்தாள்.

"நானும் செவ்வாய்க்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றாள் சுரேஸிடம். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பையனின் அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

சந்திரகுமார் குறுக்கே விழுந்தார். "பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லுதுங்க. அவளுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமைன்னா ஸ்கூலுக்கே போகமாட்டா."

"நான் எப்போப்பா போகாம..."

"முறுக்கு எடுத்துட்டு வாம்மா."

சொல்லி முடிக்கவில்லை, ஆணி கழன்று காலண்டர் கீழே விழுந்தது. ஒரே பாய்ச்சலில் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பின்னால என்னங்க செவப்பா?" என்றார் அந்த அம்மா.

"கறைங்க."

"அது செவ்வாய்தானே அங்கிள்?"

"இந்த வீட்டுல செவ்வாயெல்லாம் தெரியாதுங்க தம்பி. ஹந்தானை மலை மறைச்சிரும்."

பாலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பையனின் அம்மா எழுந்து கிட்டவே வந்துவிட்டார். குரல் கெஞ்சுவது போலிருந்தது.

"ஐயா, ஒளிக்காமச் சொல்லுங்க. உங்க பிள்ளைக்குச் செவ்வாய் தோசம் துளிகூட இல்லையா?"

"கதிர்காமத்தான் மேல சத்தியம். எங்க பரம்பரைக்கே கிடையாதுங்க."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "அப்போ நாங்க போயிட்டு வர்றோம்." தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. வாசலில் சுரேஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சிந்துஜா முறுக்குத் தட்டோடு நின்றாள், கண் கலங்கியிருந்தது.

"நம்பிட்டாங்க" என்று வியர்வையைத் துடைத்தார் சந்திரகுமார். வெள்ளைச் சட்டையின் முதுகில் செவ்வாய் முழுசாகப் பதிந்திருந்தது.

அவர்களைக் கூட்டிவந்த த்ரீவீல்காரர் நளீர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"சேர், அந்தம்மா குடைய விட்டுட்டாங்களாம். பாவம், வீலுக்குள்ள இருந்து அழுவுறாங்க."

"எதுக்கு அழணும்?"

நளீர் மூலையில் இருந்த குடையை எடுத்துத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"மகனுக்குச் செவ்வா தோசமாம் சேர், தரகருக்கும் சொல்லாம, அவரு பேச்சையும் நம்பாம, அதே தோசம் உள்ள பிள்ளையா தேடுறாங்க. நானும் வூடு வூடா கூட்டிப் போறேன், இந்தக் கண்டியச் சுத்தி அப்பிடி ஒரு பிள்ளை எங்கயுமே இல்லையா?"