காயில்காரர் கொண்டுவந்த கடல்

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது என்பதை ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர்தான் காயில்காரர்.

என் தையல் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டித் தருவார். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கார்டோடு சரி. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவர் கடையில் மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. உள்ளே ஆறு தங்கமீன்கள், கல்வராயன் மலை ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் ஒரு கல்யாணத்துக்காகப் பாண்டிச்சேரி போகும் வரை. மண்டப வாசலில் கடல் மீன் தொட்டி வைத்திருந்தார்களாம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் பாறை இடுக்கில் புகுந்து புகுந்து வந்தனவாம். இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தாலி கட்டி முடிந்தது, பந்தி முடிந்தது, வாசலில் கட்டிய வாழை மரத்தையும் அவிழ்த்துவிட்டார்கள்.

மறுநாளே தங்கமீன்களை ஒரு பக்கெட்டில் போட்டு என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"டைலரு, இதுங்கள நீ வெச்சுக்க. தொட்டிய கடலாக்கப் போறேன்."

அவர் மனைவி அஞ்சலை அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "போன வருசம் காடை வளக்கறேன்னு நாப்பதையும் சாவடிச்ச. அதுக்கு முன்ன மொசலு. இதுல ஒரே ஒரு மீன் செத்துச்சுன்னா தொட்டி என்னுது. தூக்கினு போயி ரோட்டுல போட்டு ஒடைப்பேன்."

"சரி, ஒடைச்சுக்க."

"டைலரு, நீதான் சாட்சி."

நான் தலையை ஆட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பாண்டிச்சேரியில் இருந்த ஒரு வளர்ப்பு மீன் கடையிலிருந்து கடல் உப்பு ஒரு பை, ஓட்டை ஓட்டையான வெள்ளைப் பாறை, மணல் எல்லாம் வந்து இறங்கின. உப்பின் அளவைப் பார்க்க ஒரு கருவியும் வாங்கச் சொன்னாராம் அந்தக் கடைக்காரர். இவர் சிரித்துவிட்டு வந்துவிட்டார். விதை நெல் பிரிக்கத் தெரிந்தவருக்குக் கருவி எதற்கு? எங்கள் பக்கம் விவசாயிகளுக்குத் தெரிந்த முறைதான். முட்டை மேலே வந்து தலை காட்டும் வரை தண்ணீரில் உப்பைக் கரைக்க வேண்டும். அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும்.

பை உப்பு முழுவதையும் தொட்டியில் கரைத்தார். முட்டை அடியிலேயே கிடந்தது.

"உப்பு கம்மி. பாண்டிச்சேரிக்காரன் ஏமாத்திட்டான்" என்று மளிகைக் கடையில் கல்லுப்பு வாங்கிக் கொட்ட ஆரம்பித்தார். எட்டு கிலோ போனதும் முட்டை எழுந்து வந்தது. தெருவே கைதட்டியது.

புதுத் தண்ணீரில் உடனே மீன் விடக்கூடாதாம். ஒரு மாதம் அது பழுக்க வேண்டுமாம். அந்த ஒரு மாதமும் மோட்டார் கொண்டுவந்த ஒவ்வொரு விவசாயியையும் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"இது இன்னா மீனுங்க?"

"மீனு இல்ல. தண்ணி பழுத்துக்கினு இருக்குது."

"எப்ப பழுக்குங்க?"

"அவசரப்பட்டா ஆவுமா? மாங்கா பழுக்கப் போட்டா காத்துக்கினுதான இருக்கற?"

"மாங்கான்னா மோந்து பாப்பமே" என்ற அந்த மனிதர் குனிந்து தொட்டியை ஒருமுறை மோந்தார். "இன்னும் காய்தாங்க" என்றார்.

மாதம் முடிந்து மீன் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனோம். பக்கெட் தூக்க நான். கடைக்காரர் கையில் வலையோடு, "உப்பு அளவு எவ்ளோண்ணே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"முட்டை மெதக்குது."

வலையைக் கீழே வைத்துவிட்டார். "கடல்லயே முட்டை மெதக்காதுண்ணே! அதுல வுட்டீங்கன்னா மீனு ஊறுகாதான்."

காயில்காரர் நம்பவில்லை. ஒரு முட்டை வாங்கிக்கொண்டு நேராகக் கடற்கரைக்கு நடந்தார். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, பக்கெட்டில் கடலை மொண்டு வந்து முட்டையை விட்டார். கல் மாதிரி அடிக்குப் போனது. சுண்டல் தின்றவர்கள் கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவரோ கடலை மேலும் கீழும் பார்த்தார்.

"டைலரு, இந்தக் கடல்ல உப்பு பத்தல."

ஆனாலும் கருவியை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். தொட்டித் தண்ணீரை எல்லாம் கடைக்குப் பின்னால் இருந்த பப்பாளி மரத்தடியில் கொட்டினார். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டி மரம் கொடிக்கம்பமாகிவிட்டது.

"செத்துச்சு பாரு! தொட்டிய குடு" என்று வந்தார் அண்ணி.

"மீனுன்னுதான பேச்சு? பப்பாளி கணக்குல வராது."

இருவரும் சாட்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

மறுபடி சரியான உப்பு, மறுபடி ஒரு மாதப் பழுப்பு. அதற்குப் பிறகு இரண்டு மீன்கள் அவர் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தன. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. தெருவில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். அண்ணி மட்டும் தினமும் காலையில் வந்து, இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுப் போவார்.

பத்தாவது நாள், நல்ல கோடை வெயிலில், மின் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. காயில்காரர் விடிகாலையிலேயே ரிஷிவந்தியம் பக்கம் மோட்டார் இறக்கப் போயிருந்தார். ஊருக்கெல்லாம் கரண்ட் வேலை பார்ப்பவர் தன் கடைக்கு ஒரு இன்வெர்ட்டர் வைத்திருக்கவில்லை. தொட்டியில் அலை அடிக்கும் குட்டி மோட்டார் நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்கு இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

போனில் பேசுவதென்றால் எனக்கு வேர்க்கும். அன்று நானே போட்டேன்.

"டைலரு, மக்குல மொண்டு ஒசரத்துலருந்து ஊத்து! தண்ணில காத்து சேரணும்! மோட்டாரு பாதிக் கெணத்துல தொங்கிக்கினு இருக்குது, வுட்டுட்டு வர முடியாது. இங்க கரும்பு காயுது. ஊத்திக்கினே இரு!"

மொண்டு ஊற்றினேன். அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றாலே சாயங்காலம் தொட்டி அவருடையது. இருபது மக் ஊற்றியிருப்பேன்.

"தள்ளு. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கற மாரி ஊத்திக்கினு" என்று என் கையிலிருந்து மக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

எதிர்க்கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஆத்தறதுன்னா எங்கிட்ட சொல்ல வேணாமா அண்ணி?" என்று ஒரு கழுவிய குவளையோடு வந்து, தலைக்கு மேலிருந்து சொட்டுச் சிந்தாமல் கடலை ஆற்றினார். காத்திருந்த விவசாயி ஒருவர், "சக்கர கம்மியா போடு மாஸ்டரு" என்றார். மாஸ்டரும் நானும் அவ்வப்போது கை மாற்றினோம். ஆனால் அண்ணி ஐந்து நிமிடத்துக்கு மேல் மக்கை யாரிடமும் விட்டுவைக்கவில்லை. சோறும் தின்னவில்லை.

நாலரை மணிக்கு யாரோ ஒருவருடைய பைக்கில் காயில்காரர் வந்து இறங்கினார். தலை முதல் கால் வரை சேறு. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"செத்துச்சா?"

அண்ணி திரும்பவில்லை. ஊற்றுவதையும் நிறுத்தவில்லை. "சாவ வுடுவனா இன்னா? சேத்தக் கழுவிட்டு வந்து ஊத்து. எனக்குத் தோளு வுட்டுப்போச்சு."

அவர் கழுவிவிட்டு வந்து மக்கை வாங்கிக்கொண்டார். கரண்ட் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து எங்கள் தெரு பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்தக் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனாலும் அலை நிற்பதில்லை. ஆனாலும் கரண்ட் போனதும் நான் மிஷினை விட்டு எழுந்து, ஒரு மக்கை எடுத்துக்கொண்டு காயில்காரர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். கேட்பவர்களிடம் மீனுக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன்.