கிழப் பூனையின் வக்கீல்

கிழப் பூனை வளர்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் முகர்ந்திருப்பீர்கள். அவர்கள் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே ஒரு வாசனை வந்து உங்களை வரவேற்கும். நீங்கள் மூக்கைச் சுளிப்பதற்குள், "ஃபினாயில் மாத்தியிருக்கோம், அதான்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். நீங்கள் கேட்கவே இல்லையே? அதனால் என்ன? இந்த இனத்துக்குக் கேள்வி தேவையில்லை. பூனைக்கு வயதாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், பூனைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், அதற்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு நிற்கும் இந்த மனிதர்தான்.

உதாரணத்துக்கு நம் கண்ணாடிக்காரரை எடுத்துக்கொள்வோம். மருந்துக் கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. உள்ளே ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் முப்பது வருடமாக அவரிடம் ஒரே பொய்யைத்தான் சொல்லி வருகிறார்கள். "எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு சார். பேப்பர்லதான் இப்பல்லாம் எழுத்தைச் சின்னதா போட்டுடறாங்க." சில கெட்டிக்காரர்கள் காத்திருக்கும் நேரத்தில் அட்டையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அவர் வேண்டுமென்றே வேறு அட்டையை மாட்டுவார். அவர்கள் பழைய அட்டையையே கணீரென்று ஒப்பிப்பார்கள். சாயந்தரம் வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "மனுஷன் தன்னைத்தானே எப்படி ஏமாத்திக்கிறான் பாரு!" ஊருக்குத்தான் உபதேசம். சிரித்துக்கொண்டே வீட்டுச் செருப்புக்குள் காலை விடுவார். செருப்பு ஈரமாக இருக்கும். "தண்ணி சிந்திடுச்சு போல" என்பார்.

சிந்தியது தண்ணீர் அல்ல. சிந்தியவன் பெயர் குட்டி. உள்ளங்கையில் அடங்கிய காலத்தில் வைத்த பெயர். இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பூனைக் கணக்கில் அது மனிதருக்குத் தொண்ணூறைத் தாண்டிய வயது என்கிறார்கள். தொண்ணூறு தாண்டியவரைக் "குட்டீ!" என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பாரா? இவனும் பார்ப்பதில்லை. "ரோஷக்காரன், கூப்பிட்ட உடனே வரமாட்டான்" என்பது வக்கீலின் வாதம். காது கேட்கவில்லை என்பது மற்ற எல்லோருடைய கட்சி.

ஜன்னல் திட்டுக்குத் தாவி, பாதி உயரம்கூட எட்டாமல், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால், "விளையாடுறான்." பட்டப்பகலில் வெறும் சுவருக்கு எதிரே உட்கார்ந்து கால்மணி நேரம் ஓலமிட்டால், "பாடறான்." கதவு திறக்கும் பக்கத்தை மறந்து, கீல் இருக்கும் பக்கம் போய் நின்றுகொண்டு, திறக்கவில்லையே என்று வீட்டாரை முறைத்தால், "யோசிக்கிறான்." தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுக் குளியலறை வாளியில் தலையை விட்டால், "வெயில் அதிகம்ல." தங்கை ஊரிலிருந்து வந்திருந்தபோது அவளுடைய புதுக் கைப்பைக்குள் குட்டி சாவகாசமாக ஒன்றுக்குப் போனான். அப்போது கண்ணாடிக்காரர் சொன்ன சமாதானம் சப்பைக்கட்டுக் கலையின் சிகரம் என்றே சொல்ல வேண்டும்.

"உன் மேல உரிமை எடுத்துக்கிறான், பாத்தியா?"

"இந்த உரிமைய இவன் உன் மேலயே எடுத்துக்கட்டும் அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தங்கை அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

இவ்வளவு துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஆதாரத்திலிருந்து. அவரிடம் அசைக்க முடியாத ஓர் ஆதாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் குட்டிக்கு எடை பார்க்கும் வைபவம் நடக்கும். பூனை தானாக எடை மெஷினில் நிற்குமா? நிற்காது. ஆகவே அவர் குட்டியை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, மார்பில் அணைத்துக்கொண்டு மெஷினில் ஏறுவார். குட்டி அவர் மணிக்கட்டை நறுக்கென்று கடிப்பான். "செல்லக் கடி" என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு. முள் ஆடி ஆடி எழுபத்தைந்தில் வந்து நிற்கும். அவருடைய எடை எழுபது. அது பிறந்த தேதி மாதிரி, மாறாத விஷயம். எழுபத்தைந்தில் எழுபது போனால் மீதி?

"அஞ்சு கிலோ! ஒரு கிராம் இறங்கல! நோயாளிப் பூனைன்னா இப்படியா இருக்கும்?" என்று கூடம் அதிர அறிவிப்பார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். எலும்பு எண்ணும்படி ஒரு பூனை தாங்கித் தாங்கி நடந்து போகும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் என்ன பேசுவது என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

அடுத்து, சாப்பாட்டு விஷயம். இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுவோம். குட்டிக்குத் தினமும் கோழி வேகவைப்பது அவர் பொறுப்பு. உப்பில்லாமல், எலும்பில்லாமல், பஞ்சு பஞ்சாகப் பிய்த்துத் தட்டில் வைப்பார். குட்டி வருவான், முகர்வான், சாற்றை இரண்டு முறை நக்குவான், போய்விடுவான். கண்ணாடிக்காரர் இடம் பார்ப்பார், வலம் பார்ப்பார். பிறகு நின்ற நிலையிலேயே தட்டில் இருப்பதை எல்லாம் தன் வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவி வைத்துவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம்; முழுக் கோழியை வயிற்றில் மறைத்தவர் இவர் ஒருவர்தான். குப்பைக் கூடையில் போட்டிருக்கலாமே? போட்டால் மனைவி பார்த்துவிடுவாள். பார்த்தால் "அவன் சாப்பிடலயா?" என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். குட்டி போய்விடுவான் என்ற நினைப்பை அவரால் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். இதற்கு நடுவில் கால்சட்டை எல்லாம் இடுப்பில் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. இஸ்திரிக்காரர் சூடு அதிகமாக வைப்பதால் துணி சுருங்குகிறது என்று கண்டுபிடித்தார்.

பூனைக்கு யார் மணி கட்டுவது? உலகம் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் கிடைத்தது ஒரு வியாழக்கிழமை. அவர் மனைவி கணக்கு டீச்சர். பரீட்சை விடைத்தாள்கள் நாற்பத்திரண்டையும் கட்டாகக் கட்டித் தரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது குட்டி அந்தக் கட்டின் மேல் நின்றுகொண்டு, தொலைதூரத்தைப் பார்த்தபடி, கடமையை முடித்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்குக் கணக்குன்னாலே ஆகாது" என்றார் வக்கீல்.

மனைவி கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு தாளையும் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். நூற்றுக்கு நூறு வாங்கியவனும் முட்டை வாங்கியவனும் பக்கத்துப் பக்கத்தில் சொட்டச் சொட்டத் தொங்கினார்கள். நாற்பத்திரண்டாவது தாளையும் மாட்டிய பிறகுதான் திரும்பினாள்.

"நாளைக்குச் சாயந்தரம் நாலரைக்கு டாக்டர். போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"எதுக்கும்மா? அவன் நல்லாத்தானே..."

"நான் உங்களக் கேக்கல."

மிருக வைத்தியர் ஒரு சின்ன வயதுப் பெண். இரண்டு கையிலும் முழங்கை வரை பழைய கீறல்கள். குட்டியை மேசையில் இறக்கிவிட்டு, அவனைத் தடவிக்கொண்டே கேள்வி கேட்டார்.

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"தட்டு காலியாயிடுது டாக்டர்." பொய் இல்லை.

"தண்ணி?"

"நிறையக் குடிப்பான். நல்ல பழக்கம்."

"மணல் தொட்டிக்கு வெளிய ஒண்ணுக்குப் போறானா?"

"கொஞ்சம் கோவக்காரன். நம்ம மேல ஏதாவது வருத்தம்னா அப்படிக் காட்டுவான்."

"எடை?"

"அஞ்சு கிலோ" என்றார் கண்ணாடிக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "போன ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன்."

டாக்டர் மேசையோடு இருந்த தராசைப் பார்த்தார். மூன்று கிலோ நூறு கிராம். கண்ணாடிக்காரர் தயங்கவே இல்லை. "உங்க மெஷின்ல ஏதோ கோளாறு டாக்டர்." இந்த மாதிரி ஆட்கள் அவர் கடைக்கு வருவதுபோல இங்கேயும் தினம் வருவார்கள் போலிருக்கிறது, டாக்டருக்குக் கோபம் வரவில்லை.

"அந்த மூலைல பெரிய நாய்ங்களுக்கு எடை பாக்கற மேடை இருக்கு. நீங்க ஏறுங்க சார்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வாசலில் முறைக்குக் காத்திருந்த ஒரு தடித்த நாய் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. எழுபத்தொன்று கிலோ தொள்ளாயிரம்.

"எழுபத்தஞ்சுல எழுபத்தொண்ணு தொள்ளாயிரம் போனா மூணு கிலோ நூறு" என்றாள் கணக்கு டீச்சர். "மெஷின் எல்லாமே சரியாத்தான் இருக்கு. உங்க எடை எழுபதுன்னு யாருங்க சொன்னது?"

"ஆறு வருஷம் முன்னாடி... இன்சூரன்ஸ் டாக்டர்..."

"ரெண்டு பேர் எடையும் தெரியாத கணக்குல ஒருத்தர் எடைய நீங்களே மனசுல வச்சுக்கிட்டா விடை எப்படிங்க வரும்?" அவள் பார்வை அவர் முகத்திலிருந்து மெல்ல வயிற்றுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. "அப்ப அந்தக் கோழியெல்லாம்?"

அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். குட்டி இழந்த எடை வீட்டை விட்டு எங்கும் போய்விடவில்லை என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. முதலில் மனைவிதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் குட்டியின் இடுப்பை லேசாக அழுத்தினார். குட்டி சீறித் திரும்பி அவர் விரலைக் கவ்வினான்.

"செல்லக்..." என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

"வலி சார்" என்றார் டாக்டர். "இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு. இந்த இடத்துல பிடிச்சுத் தூக்கினா உயிரே போற மாதிரி இருக்கும். தொட்டியோட சுவரத் தாண்ட காலத் தூக்க முடியல, அதான் வெளிய போறான். கோவமெல்லாம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த இடத்தில்தான் அவர் பிடித்துத் தூக்கியிருந்தார். அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தார்.

ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் மறுபடி வந்தார். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது. அவ்வளவு தண்ணீர் குடித்ததும் அதனால்தான், அவ்வளவு ஒன்றுக்குப் போனதும் அதனால்தான். சாப்பாடு இறங்காததும் அதனால்தான்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டார் அவர்.

"ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் ரெண்டு வருஷம்னுகூட தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப சில மாசம்தான் சார் சொல்ல முடியும். ஆனா வலி இல்லாம வச்சுக்கலாம். அதை இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். குட்டி கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான். மூடிக்கொண்டவர், ஊருக்கெல்லாம் கண் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர்தான். "தெரிஞ்சுதான் இருந்துச்சு டாக்டர்" என்றார். மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

அப்புறம்? அப்புறம் அமர்க்களம்தான். மணல் தொட்டியின் முன்சுவர் ரம்பத்தால் அறுக்கப்பட்டது. கண்ணாடிச் சட்டங்கள் வந்த அட்டைப் பெட்டிகள் ஜன்னல் திட்டு வரைக்கும் படிக்கட்டாக அடுக்கப்பட்டன. எடை மெஷின் பரண் ஏறியது. மாத்திரை கொடுப்பதற்கு ஒருவர் துண்டால் சுற்ற வேண்டும், ஒருவர் வாயைத் திறக்க வேண்டும். இருவரும் வெற்றிப் பெருமூச்சு விட்ட பிறகு குட்டி மாத்திரையை மெத்தைக்கு அடியில் துப்பிவிட்டு வருவான். கோழித் தட்டுக்குப் பக்கத்தில் மனைவி காவலுக்கு நிற்கிறாள், பூனை சாப்பிடுகிறதா என்று பார்க்க அல்ல, இவர் சாப்பிடாமல் இருக்கிறாரா என்று பார்க்க. நான்காம் நாள் அவர் பள்ளிக்கூடத்துக்கே போன் போட்டுவிட்டார். மனைவி கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். "போயிட்டான்!" என்று அலறினார். ஆசிரியர் அறையில் எல்லோரும் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். "தொட்டிக்குள்ளயே போயிட்டாம்மா! அவனே நடந்து வந்து!" விஷயம் புரிந்ததும் தலைமை ஆசிரியை மட்டும் மெதுவாகக் கை தட்டினார்.

மாதம் மூன்று ஓடிவிட்டது. குட்டி ஜன்னல் திட்டில் இருக்கிறான். எத்தனை நாளைக்கு என்று யாரும் அந்த வீட்டில் சத்தமாகப் பேசுவதில்லை. ஆனால் இருவருக்கும் தெரியும், இருவருக்கும் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். இரவில் அவர் கொஞ்சம் அழுகிறார். அழுதுவிட்டு நன்றாகத் தூங்குகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. உங்கள் வீட்டில் பூனை கிடையாது. செருப்பு ஈரமாவதில்லை. கோழியை உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறீர்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தாரே, நினைவிருக்கிறதா? கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த உங்கள் அப்பாவிடம், "உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தார். அப்பா நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், "அப்பாவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார்!" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரல் யாருடையது என்று விருந்தாளிக்குத் தெரியும். அப்பா சொல்ல வந்தது என்ன என்றுதான் இன்றுவரை யாருக்கும் தெரியாது.