மாமனாரைத் தேங்காய்ச் சில்லு பொறுக்க வைத்த மாப்பிள்ளை

ரந்தாவ்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் மாயாண்டி அவர்களுக்கு ஆறுமுகம் எழுதுவது. லிங்கியில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே நான் சுகமில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, காரணம் நீங்கள். போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

வந்த வரனையெல்லாம் தட்டிக்கழிக்கிற என் மகள் ஷ்வேதாவுக்கு இடம் பார்த்து, "பையன் அரவிந்த் தங்கம், தீவுல நேஷனல் பார்க் ரேஞ்சர், லீவு கிடைக்காது, நீங்களே போய்ப் பாருங்க" என்றீர்கள். போனோம். படகில் உங்கள் தங்கச்சி மங்கம்மா வாந்தி எடுத்ததைக்கூட மன்னித்தேன். ஆனால் முனியாண்டிக்குச் சொல்லாமல் நாம் என்றைக்காவது காட்டுக்குள் கால் வைத்திருக்கிறோமா? ரப்பர் பால் வெட்டப் போகும் பால்மரக் காட்டுக்கே கும்பிட்டுவிட்டுப் போனவன் நான். பார்க் வாசலில் சூடம் ஏற்றி, தேங்காயை ஒரே போடு போட்டேன். சத்தம் கேட்டு இறங்கிய குரங்குக் கூட்டம் பாதித் தேங்காயோடு நம் தாம்பூலத் தட்டையும் தூக்கிப் போனது.

மாப்பிள்ளை ரேஞ்சர் உடுப்போடு ஓடி வந்தான். "அங்கிள், இங்க நெருப்பு வைக்கக்கூடாது லா! குரங்குக்கு ருசி காட்டிட்டா நாளைக்குச் சின்னப் பிள்ளைங்க பையைப் பிடுங்கும்." சும்மா கேலிக்கு, "உங்க சொந்தக்காரங்கள நீங்கதான் தம்பி அடக்கணும்" என்றேன். சிரிக்கவில்லை மச்சான்! "சில்லு ஒண்ணு விடாம பொறுக்கிடுங்க" என்று கையில் பையைக் கொடுத்தான். பெண் கொடுக்க வந்தவனுக்கு இதுவா மரியாதை? மகள் பார்க்க, குனிந்து பொறுக்கினேன்.

பிறகு பூச்சி தின்னும் செடியைக் காட்டி விளக்கினான். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, மனுசனையே தின்னும்" என்று மங்கம்மாவைக் காட்டினேன். அதற்கும் சிரிப்பில்லை! "ஆன்ட்டி மயக்கமா இருக்காங்க அங்கிள், முதல்ல தண்ணி குடுங்க" என்கிறான். மூக்கில் கொம்பு முளைத்த பறவை பறக்கிறது என்று எல்லோரும் அண்ணாந்தார்கள். நான் பார்க்கவே இல்லை, ரோஷம்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம். சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
நிமிர முடியாத ஆறுமுகம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஷ்வேதா படித்துவிட்டாள். "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் நீங்க அம்மாவைக் கேலி பண்ணா கூடச் சேந்து சிரிச்சாங்கப்பா. அம்மா முகத்தைப் பாத்தது இவர் ஒருத்தர்தான். கட்டினா இவரைத்தான்" என்கிறாள். உங்கள் தங்கச்சி சேலை எடுக்கச் சிரம்பானுக்குப் புறப்பட்டுவிட்டாள். நல்ல நாள் பாருங்கள் மச்சான். இந்தக் கடிதம் மட்டும் மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது.