ஒற்றை அணு நிர்வாகம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதற்கப்புறம் நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் சுயநிதிக் கல்லூரி நடத்தும் உயர்திரு நெடுமாறன் அவர்கள், ஒரு மதியம் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் வரலாறு மறுபடி நகர்ந்தது.

உள்ளே மகாலட்சுமி இருந்தாள். தொண்டூர்க்காரி. வேதியியல் துறையின் நான்கு ஆசிரியர்களில் இளையவள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலைக் கருக்கிக் கரியாக்கி, அந்தக் கரியின்மேல் நிக்கல் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக உட்கார வைத்திருந்தாள். அதன்மேல் கரியமில வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், அந்த வாயு எரிபொருள் செய்ய உதவும் வேறொரு வாயுவாக மாறும். கரியமில வாயு சிலிண்டர், கடைத்தெருவில் சோடாக் கடை வைத்திருக்கும் தனகோட்டி இரவல் கொடுத்தது. துறைத்தலைவர் துரைக்கண்ணு அவளுடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்தார். மற்ற இருவரும் கரண்ட் போகும்போதெல்லாம் ஓடிவந்து பேட்டரியை மாட்டினார்கள். அன்றுதான் முதல்முறையாக எதிர்பார்த்த வாயு வந்திருந்தது. நால்வரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இது என்ன என்று நிறுவனர் விசாரித்தார். சந்தோஷத்தில் இருந்த மகாலட்சுமி கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிட்டாள்.

“உலோகம் கட்டியா இருந்தா, உள்ள மாட்டிக்கினு இருக்கிற அணு சும்மாதான் சார் இருக்கும். மேல இருக்கிறது மட்டும்தான் வேலை செய்யும். தனித்தனியா பிரிச்சி உட்கார வச்சா ஒவ்வொண்ணும் வேலை செய்யும்.”

மேதைகளுக்கு இவ்வளவு போதும். நிறுவனர் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த கட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒளி படர்ந்தது.

மறுவாரமே ‘ஒற்றை அணு நிர்வாகக் கொள்கை’ கல்லூரிக்கு அர்ப்பணிக்கப்பட்டது. துறைக்கு ஒரே ஓர் ஆசிரியர். வேதியியலில் மூவர் ‘விடுவிக்கப்பட்டார்கள்’. பணிநீக்கம் என்ற கொடுஞ்சொல்லை நிர்வாகம் உச்சரிக்கவே இல்லை. ஓய்வுக்கு நெருங்கியிருந்த துரைக்கண்ணுவுக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். மகாலட்சுமி மட்டும் தக்கவைக்கப்பட்டாள். தன் வாயால் சொன்ன பாடமே மூன்று பேரின் பிழைப்பில் மண் போட்டுவிட்டதே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிறுவனரின் அறைக்கு நேரிலேயே போனாள்.

“உனக்கு இன்னாம்மா கவலை. நீதான் நிக்கலு,” என்றார் நெடுமாறன்.

“தனி அணு தானா நிக்காது சார். சுத்தி நாலு நைட்ரஜன் அணு புடிச்சிக்கினு இருக்குது. அது இல்லன்னா நிக்கல் நவுந்து போயிடும்.”

“நைட்ரஜன்தானம்மா? காத்துல வேணுங்கிற மட்டும் இருக்குது. ஜன்னலத் தெறந்து வச்சிக்க.”

அந்த ஏசி அறையில் அப்போது அறக்கட்டளைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நிறுவனரின் மனைவி, மகன்கள், மருமகன், மைத்துனர், சகலை எல்லாரும் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கல்லூரியின் எதிர்காலத்தையும் மிக்சரையும் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். மகாலட்சுமி அவர்களை ஒருமுறை பார்த்தாள். இதுவும் கட்டிதானே என்று மெதுவாகக் கேட்டாள்.

“அது கட்டி இல்லம்மா. கட்டுக்கோப்பு,” என்றார் நிறுவனர். மருமகன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கொள்கை சீராக வேலை செய்தது. மூன்று வகுப்புகளுக்கு ஒரே நேரத்தில் மணி அடித்தால் மகாலட்சுமி என்ன செய்வாள் என்பதைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை. இரண்டாமாண்டுக்குப் பாடம் எடுக்கும்போது முதலாமாண்டு கத்தும். முதலாமாண்டை அடக்கப் போனால் கரண்ட் போகும். ஆய்வுக்கூடத்தில் பேட்டரியை மாட்ட ஆள் இருக்காது. ஒருநாள் அவள் மூச்சிரைக்க ஓடிவந்தபோது, வாயுக் குமிழி அடங்கி எல்லாம் ஆறிக் கிடந்தது. காலி பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டாள்.

அவர் குரலில் வருத்தம் இல்லை. விடுவிக்கப்பட்ட மூவரும் தனகோட்டியின் சோடாக் கடை மாடியில் டியூஷன் சென்டர் தொடங்கியிருந்தார்கள். செருப்பு விட இடமில்லாத கூட்டம். பாதிப் பேர் அதே கல்லூரிப் பிள்ளைகள்.

“பாண்டிச்சேரில என்கிட்ட படிச்ச பையன் ஒரு லேப் நடத்துறான். ஆள் தேடிக்கினு இருக்கான். அந்தக் கரிய எடுத்துக்கினு கௌம்பும்மா,” என்றார்.

கரியைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு மகாலட்சுமி பஸ் ஏறினாள். புதிய இடத்தில் அவளோடு சேர்ந்து மாறிமாறிக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள்; மின்சாரம் நிற்கவில்லை, குமிழியும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிக்கு வந்து சோடாக் கடை மாடியில் அவளும் பாடம் எடுத்தாள். கீழே தனகோட்டி பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

கல்லூரியும் பின்தங்கிவிடவில்லை. இந்த ஆண்டு சேர்க்கைக்காகப் பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் பின்னால் தெரியும் செஞ்சி ராஜகிரிக் கோட்டையைவிடப் பெரியதாக நிறுவனர் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில், “நாட்டிலேயே முதன்முறையாக, கரியமில வாயுவே வெளியேறாத வேதியியல் துறை.”

இதில் எள்ளளவும் பொய் இல்லை. மூச்சு விடுவதற்கு அங்கே ஓர் ஆளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.